உள்ளே வர நாலு வாசல்

விமர்சனம் எழுதுகிறவர்கள் ஒரு நாவல் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பற்றி நிறையச் சொல்கிறார்கள். அது யாருடைய கைக்கு, எந்த வழியாகப் போய்ச் சேருகிறது என்பதைப் பற்றி அநேகமாக ஒன்றும் சொல்வதில்லை. தமிழில் ஒரு நாவலை மனம் விரும்பி, விலை கொடுத்து வாங்கிப் படிக்கிறவர்கள் சில நூறு பேர். நல்ல காலமாக இருந்தால் சில ஆயிரம் பேர். அதே நாவல் ஒரு பல்கலைக்கழகத்தில் பாடமாகிவிட்டால், அதுவரை கதைப் புஸ்தகம் என்று ஒன்றைக் கையால் தொட்டிராத பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அதைப் புரட்ட வேண்டியதாகிறது. அவர்களில் பெரும்பாலோர் பரீட்சை முடிந்ததும் அதை மறந்துவிடுவார்கள் என்பது உண்மைதான். ஆனால் நூற்றில் ஒருவர் மறப்பதில்லை. அந்த ஒருவர்தான் பிற்பாடு வாசகராகிறார். சில சமயம் எழுத்தாளராகவும் ஆகிவிடுகிறார்.

ஆகவே ஒரு புத்தகம் பாடமாவதும், பாடத்திலிருந்து எடுக்கப்படுவதும் இலக்கிய விஷயம்தான். பேராசிரியர்களின் அலுவலக விவகாரம் என்று அதை நாம் ஒதுக்கி வைத்துவிடக் கூடாது. கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு நின்றுவிட்ட நான் இதைப் பற்றி எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். சமையல் தெரியாதவனுக்கும் பசி உண்டு என்பதுதான் என் பதில். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு, கதைகள் எந்த வாசல் வழியாக உள்ளே போகின்றன, எந்த வாசல் வழியாக வெளியே தள்ளப்படுகின்றன என்று பார்க்கும் உரிமையாவது இருக்க வேண்டும்.

முதலில் வாசல்களைச் சொல்லிவிடுகிறேன். ஒரு துறையில் பாடம் நடத்துகிற ஆசிரியர் ஒருவர், 'இந்தப் புத்தகத்தை வைக்கலாம்' என்று நினைக்கிறார். அவர் நினைத்த மாத்திரத்தில் அது பாடமாகிவிடாது. பாடத்திட்டக் குழு என்று ஒன்று இருக்கிறது; அந்தப் பாடத்தைச் சேர்ந்த பேராசிரியர்களும் வெளியிலிருந்து அழைக்கப்பட்ட நிபுணர்களும் அதில் உட்காருகிறார்கள். அது முதல் வாசல். அங்கே தேறினால், பல துறைகளின் தலைவர்களும் முதல்வர்களும் கூடுகிற கல்விப் பேரவை. அது இரண்டாவது. புதிய படிப்பையே தொடங்குவதென்றால் ஆசிரியர் நியமனம், பணம் எல்லாம் வருமே. அதற்கு ஆட்சிக்குழு, நம்முடைய பழைய பாஷையில் ஸிண்டிகேட். அது மூன்றாவது. சட்ட விதியே மாற வேண்டுமானால் செனட் என்கிற ஆட்சிப் பேரவை, அதற்கும் மேலே வேந்தர். ஊருக்கு ஊர் பெயரும் வரிசையும் கொஞ்சம் மாறும். சில இடங்களில் நடுவே நிலைக்குழு என்று இன்னொரு திண்ணையும் உண்டு. மொத்தத்தில் உள்ளே வர நாலு வாசல் என்று வைத்துக்கொள்ளலாம்.

தன்னாட்சி பெற்ற கல்லூரிகளில் இதே ஏற்பாடு சின்ன அளவில் நடக்கிறது. அங்கே பாடத்திட்டக் குழுவில் யார் யார் இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு வகுத்திருக்கிறது. துறை ஆசிரியர்கள், வெளிக் கல்லூரி நிபுணர்கள் இருவர், கல்லூரி முதல்வர் சிபாரிசு செய்யும் ஆறு பேர் கொண்ட பட்டியலிலிருந்து துணைவேந்தர் பொறுக்கி எடுக்கும் ஒருவர், தொழில் துறையிலிருந்து ஒருவர், அங்கேயே படித்துத் தேறிய பழைய மாணவர் ஒருவர். பட்டியல் நன்றாகத்தான் இருக்கிறது. வியாபாரிக்கு நாற்காலி உண்டு, பழைய மாணவருக்கு நாற்காலி உண்டு. ஆனால் தமிழோ ஆங்கிலமோ இலக்கியத்தைப் பாடமாக வகுக்கிற குழுவில், இலக்கியத்தை எழுதுகிறவனுக்கென்று ஒரு நாற்காலி போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இதை மனக்குறையாகச் சொல்லவில்லை. பின்னால் சொல்லப் போகிற விஷயத்துக்கு இது வேண்டும்.

இந்த வாசல்களைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு அ. மாதவையாவின் ஞாபகம் வந்துவிடுகிறது. தமிழ் நாவலின் ஆரம்ப காலத்து மூவரில் அவர் ஒருவர். 1872-ல் திருநெல்வேலிச் சீமையில் பெருங்குளத்தில் பிறந்தவர். உப்பு இலாகாவில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே எழுதினார். 'பத்மாவதி சரித்திரம்' 1898-ல் வெளிவரத் தொடங்கியது. 'முத்துமீனாட்சி' 1903-ல் வந்தது. பால்ய விதவைகளின் கஷ்டத்தை, தன் சமூகத்தாரின் முகத்துக்கு நேரே எழுதிக் காட்டியவர். ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒன்று போல எழுதத் தெரிந்தவர். வேலையை விட்ட பிறகு சொந்தமாக அச்சுக்கூடம் வைத்து, 'பஞ்சாமிர்தம்' என்று ஒரு பத்திரிகையும் நடத்தினார்.

அவர் எப்படி இறந்தார் என்பது நம் வாசகர்களில் பலருக்குத் தெரியாது. அவர் சென்னை சர்வகலாசாலையின் செனட் அங்கத்தினராக இருந்தார். 1925 அக்டோபர் 22-ஆம் தேதி, பி.ஏ. வகுப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று செனட் சபையில் எழுந்து பேசினார். பேசி முடித்துவிட்டு உட்கார்ந்தவர், அந்த மண்டபத்திலேயே உயிர் நீத்தார். அப்போது வயது ஐம்பத்து மூன்று.

போர்க்களத்தில் இறந்த கவிகள் உண்டு. சிறையிலும் வறுமையிலும் இறந்தவர்கள் நம்மிடையே அநேகம். பாடத்திட்டத்தில் ஒரு மாறுதல் வேண்டும் என்று பிரேரணையை ஆதரித்துப் பேசி, அந்த இடத்திலேயே உயிரை விட்ட நாவலாசிரியர் வேறு யாராவது உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. பார்க்கப் போனால் அது ஒரு சாதாரணக் கூட்டம். நிகழ்ச்சி நிரலில் எண்ணிட்ட ஒரு விஷயம். எழுந்து பேசுகிறவர்கள், ஆட்சேபிக்கிறவர்கள், கொட்டாவி விடுகிறவர்கள். அப்படிப்பட்ட ஓர் இடத்தில் ஒரு கதாசிரியர் தன் உயிர்மூச்சின் கடைசிப் பகுதியைச் செலவிட்டிருக்கிறார் என்றால், அந்த நாலு வாசல்களின் முக்கியத்துவம் அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். நமக்குத்தான் தெரியவில்லை.

மாதவையா பேசிய மண்டபம் சென்னைக் கடற்கரையில் இருக்கிறது. அந்த நாளில் எங்கள் போடிப் பக்கத்துப் பையன் ஒருவன் கல்லூரிக்குப் போய் என்ன படிக்க வேண்டும் என்பது அங்கேதான் தீர்மானமாயிற்று. 1966-ல் மதுரையில் தனியாகப் பல்கலைக்கழகம் வந்தது. தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் என்ற பெரிய தமிழறிஞர் முதல் துணைவேந்தர். 1978-ல் அதற்குக் காமராஜர் பெயர் சேர்ந்தது. போடிநாயக்கனூரில் ஏலக்காய்த் தோட்டக்காரர்கள் சங்கத்தின் பெயரால் நடக்கிற கல்லூரி இந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. ஏலக்காய் விற்ற பணம் பிள்ளைகளுக்குப் படிப்பாக மாறிய நல்ல காரியம் அது. ஆக, எங்கள் பிள்ளைகளின் பாடத்தைத் தீர்மானிக்கிற இடம் ஐந்நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. தூரம் குறைந்த அளவுக்கு விஷயம் வெளிச்சத்துக்கு வந்ததா என்றால், இல்லை. நாகமலையைத் தாண்டி இருக்கிற அந்த வளாகத்துக்குள் ஒரு புத்தகம் ஏன் எடுத்துக்கொள்ளப்பட்டது, ஏன் விடப்பட்டது என்று சிலமலையிலிருந்து ஒருவன் தெரிந்துகொள்ள வழி ஏதும் இல்லை.

சிலமலையில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் புறப்பட்டுவிடும். போடிமெட்டு வழியாக மலையேறி, கேரள எல்லைக்கு அப்பால் ஏலத் தோட்டங்களில் காய் எடுக்கப் போகிற பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு மணி நேரம் கழித்து, அவர்களுடைய பெண்கள் பஸ்ஸைப் பிடித்துக் கல்லூரிக்குப் போகிறார்கள். அந்தப் பெண்ணின் பைக்குள் இருக்கிற புத்தகத்தில் அவள் தாயைப் போன்ற ஒருத்தி எங்காவது வருகிறாளா, வந்தால் மனுஷியாக வருகிறாளா, அல்லது பரிதாபத்துக்குரிய ஒரு பொம்மையாக வருகிறாளா என்பது சின்ன விஷயமல்ல. அதைத் தீர்மானிக்கிறவர்கள் அந்தக் குழுக்களில் இருக்கிற பத்துப் பன்னிரண்டு பேர்தாம்.

உள்ளே வருகிற கஷ்டத்தைச் சொன்னேன். வெளியே போவது எப்படி என்பதைப் பார்க்கலாம். கடந்த பதினைந்து வருஷ காலத்தில் நம் நாட்டில் நடந்த நாலு காரியங்களை வரிசையாக எடுத்துக்கொள்கிறேன்.

2010-ல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் ரோஹின்டன் மிஸ்திரியின் 'ஸச் எ லாங் ஜர்னி' என்ற நாவல் பி.ஏ. பாடமாக இருந்தது. தங்களைக் குறை கூறும் பகுதிகள் அதில் இருப்பதாக ஒரு கட்சியின் மாணவர் பிரிவு கிளர்ச்சி செய்தது, பிரதிகளைக் கொளுத்தியது. துணைவேந்தர் தமக்குள்ள அவசர கால அதிகாரத்தைப் பிரயோகித்து நாவலை எடுத்துவிட்டார். வெள்ளம் வந்தால், தீப்பிடித்தால், குழு கூடுவதற்கு நேரமில்லாதபோது உபயோகிக்கத்தான் சட்டத்தில் அவசர அதிகாரம் என்று ஒன்றை வைக்கிறார்கள். பல வருஷங்களுக்கு முன் அச்சாகி, புக்கர் பரிசுக்கான இறுதிப் பட்டியல் வரைக்கும் போன ஒரு நாவல் வெள்ளமாகவும் தீயாகவும் தோன்றியிருக்கிறது.

2011-ல் தில்லி. ஏ.கே. ராமானுஜன் எழுதிய 'முந்நூறு ராமாயணங்கள்' என்ற கட்டுரை சரித்திர மாணவர்களுக்குப் பாடமாக இருந்தது. நம் சங்கப் பாடல்களை ஆங்கில உலகத்துக்கு அறிமுகம் செய்து வைத்தவர் அவர். கட்டுரையைப் பற்றிக் கலகமும் வழக்கும் எழுந்து, நால்வர் கொண்ட நிபுணர் குழு ஒன்று நியமிக்கப்பட்டது. அவர்களில் மூவர் கட்டுரையில் தவறு காணவில்லை. ஒருவர் மட்டும் வேறு விதமாக நினைத்தார். விஷயம் கல்விப் பேரவைக்கு வந்தபோது, பேரவை அந்த ஒருவர் பக்கம் சாய்ந்து கட்டுரையை நீக்கியது. நிபுணர்களைக் கேட்டுவிட்டு, அவர்களில் பெரும்பான்மையோர் சொன்னதைத் தள்ளிவிடுவதென்றால், கேட்டதன் நோக்கம் என்ன என்று ஒரு சாதாரண வாசகன் கேட்க மாட்டானா?

2021-ல் மறுபடியும் தில்லி. இந்தத் தடவை ஆங்கில இலக்கியப் பாடத்திலிருந்து மூன்று பேருடைய எழுத்துக்கள் போயின. மகாசுவேதா தேவியின் 'திரௌபதி' ஒன்று. மற்ற இருவரும் நம்மவர்கள், பாமாவும் சுகிர்தராணியும். தமிழ்ப் பெண்கள் இருவர் எழுதியது மொழிபெயர்ப்பாகித் தில்லி மாணவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மேற்பார்வைக் குழு என்று ஒன்று அவற்றை எடுத்தது. அந்தக் குழுவில் சம்பந்தப்பட்ட துறையின் நிபுணர்களே இல்லை என்று கல்விப் பேரவை அங்கத்தினர்கள் பதினைந்து பேர் ஆட்சேபணைக் குறிப்பு எழுதி வைத்தார்கள். மாறுதல் என்னவோ நிறைவேறிவிட்டது. பாமாவின் 'சங்கதி' எங்கள் மலைக்குத் தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் இன்னொரு அடிவாரத்துப் பெண்களின் பேச்சிலிருந்து பிறந்த புத்தகம். காட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் போகிற பெண்கள் சிரிக்கிற சிரிப்பும் திட்டுகிற திட்டும் அதில் இருக்கின்றன. சிலமலை ஜீப்பில் போகிறவர்களுக்கு அது அந்நியமான பாஷையே அல்ல.

நான்காவது நம் வீட்டுக்குள்ளேயே நடந்தது. திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பெயரால் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஒரு நாடகத்தின் பெயரும் அதை எழுதியவர் பெயரும் சேர்ந்து ஒரு சர்வகலாசாலைக்கு வாய்த்திருப்பது உலகத்தில் அபூர்வம். அங்கே எம்.ஏ. ஆங்கில வகுப்பில் 2017 முதல் அருந்ததி ராயின் 'வாக்கிங் வித் தி காம்ரேட்ஸ்' பாடமாக இருந்தது. மத்திய இந்தியக் காடுகளில் மாவோயிஸ்டுகளோடு நடந்து திரிந்து எழுதிய நூல். 2020 நவம்பரில் ஒரு மாணவர் அமைப்பு புகார் கொடுத்தது, குழு கூடியது, நூல் நீக்கப்பட்டது. மூன்று வருஷங்களாக ஆசிரியர்கள் நடத்தி, மாணவர்கள் பரீட்சை எழுதி வந்த புத்தகம், புகார் வந்த சில நாட்களில் போய்விட்டது.

அதன் இடத்தில் என்ன வைத்தார்கள் என்பதில்தான் சரித்திரம் ஒரு விளையாட்டு விளையாடியிருக்கிறது. மா. கிருஷ்ணன் எழுதிய இயற்கைக் கட்டுரைகளின் தொகுதியான 'மை நேட்டிவ் லேண்ட்' என்ற நூலை வைத்தார்கள். மா. கிருஷ்ணன் யார்? செனட் மண்டபத்தில் உயிர் விட்ட அதே மாதவையாவின் கடைசிப் பிள்ளை. 1912-ல் பிறந்தவர்; தகப்பனார் இறந்தபோது பதிமூன்று வயதுச் சிறுவன். பிற்பாடு காடுகளையும் பறவைகளையும் பற்றி இந்தியாவில் அவரைப் போல் எழுதியவர்கள் மிகச் சிலர். 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950 முதல் 1996-ல் தம் மரணம் வரை விடாமல் எழுதினார். தமிழிலும் அருமையாக எழுதினார். அவர் பாடமாக வருவதற்குச் சகல யோக்யதையும் உடையவர். நெல்லை மாணவர்கள் அவரைப் படிக்க வேண்டியதுதான். ஆனால் இன்னொருவரைக் கிளப்பிவிட்ட நாற்காலியில், அவசரத்துக்கு அகப்பட்டவராக, 'காட்டைப் பற்றித்தானே, இவரைப் போட்டால் வம்பில்லை' என்ற பாவனையிலா அவரை உட்கார வைப்பது? தமிழுக்கு ஒரு வாசலைத் திறக்க வேண்டும் என்று தகப்பனார் வாதாடினார். பிள்ளையின் புத்தகமோ வாதமில்லாமல் உள்ளே வந்தது. அது கிருஷ்ணனுக்கும் மரியாதை இல்லை. தமக்குரிய தகுதியால் முன்வாசல் வழியாக வர வேண்டியவரைப் பதில் ஆளாக அழைத்து வந்துவிட்டார்கள்.

இந்தப் புத்தகங்களில் உள்ள கருத்துக்கள் எனக்குச் சம்மதம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அருந்ததி ராயின் நூலில் நான் ஒப்புக்கொள்ளாத பக்கங்கள் அநேகம். துப்பாக்கியின் மேல் ஒரு மயக்கம் அதில் இருப்பதாகவே நினைக்கிறேன். எந்தப் புத்தகத்தையும் பாடத்திலிருந்து எடுக்கவே கூடாது என்பதும் என் கட்சியல்ல. பாடத்திட்டம் கோயில் கல்வெட்டல்லவே. மூன்று வருஷத்துக்கு ஒரு தரமாவது அதைத் திருப்பி எழுதத்தான் வேண்டும். சில நூல்கள் பழசாகிப் போகும், சில நூல்கள் வகுப்பில் எடுபடாது. நல்ல நூல் ஒன்றுக்கு இடம் கொடுக்கச் சுமாரான நூல் ஒன்று விலக வேண்டியிருக்கும். அப்படி விலக்குகிறவர்கள் மேல் எனக்குக் கோபமே கிடையாது.

உள்ளே வருகிற வழி பரிசுத்தமானது என்றும் நான் சொல்லவில்லை. பாடமாகிற ஒரு சிறுகதைத் தொகுதி எத்தனை பிரதி விற்கும் என்பது பதிப்பாளர்களுக்குத் தெரியும். கூட்டம் நடக்கிற காலத்தில் அவர்கள் எந்தெந்த வீடுகளுக்குப் பழக்கூடையோடு போய் வருகிறார்கள் என்பது எழுத்தாளர்களுக்குத் தெரியும். 'நம்ம ஆள்' என்பதற்காக உள்ளே வந்த புத்தகங்கள் உண்டு. குழு அங்கத்தினரே தொகுத்து, குழு அங்கத்தினரே சிபாரிசு செய்து, குழு அங்கத்தினரே கேள்வித்தாளும் தயாரிக்கிற புத்தகங்கள் உண்டு. சொந்த அனுபவமும் ஒன்று உண்டு. என் கதை ஒன்று ஒரு கல்லூரியில் பாடமாக இருந்தது. கல்லூரியின் பெயர் வேண்டாம். அதை வைத்தபோது ஒரு கடிதம் வந்தது. எடுத்தபோது கடிதம் வரவில்லை. விற்காத பிரதிகளைப் பதிப்பாளருக்கே திருப்பி அனுப்பிய புத்தகக் கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். யாருக்கு என்ன பிடிக்கவில்லை என்று இன்று வரை எனக்குத் தெரியாது. கதை மோசம் என்று ஒருவர் எழுதியிருந்தால்கூடச் சந்தோஷப்பட்டிருப்பேன். அதற்குக் கதையைப் படித்திருக்க வேண்டுமல்லவா?

விஷயத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. நம்முடைய முன்னோர் ஒரு நூலை ஏற்றுக்கொள்ள அரங்கேற்றம் என்று ஒரு முறை வைத்திருந்தார்கள். கம்பர் ஸ்ரீரங்கத்தில் பட்ட பாட்டைப் பற்றிக் கதைகள் வழங்குகின்றன. அவை சரித்திரமா என்பது வேறு கேள்வி. அந்தக் கதைகளைக் கட்டிய ஜனங்களின் மனத்தில் ஒரு நியாயம் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். நூல் முழுவதும் சபையில் வாசிக்கப்பட வேண்டும். ஆட்சேபிக்கிறவன் எழுந்து நின்று, எந்த இடம், என்ன குற்றம் என்று சொல்ல வேண்டும். பதில் சொல்ல ஆசிரியன் எதிரே இருப்பான். சபை கேட்டுக்கொண்டிருக்கும். வைகைக் கரையில், திருவேடகத்தில், ஏடு எதிர்நீச்சல் போட்ட கதையும் அந்த ஜாதிதான். தீர்ப்பு ஆற்றிலே, ஊரார் கண்ணெதிரே நடந்தது. அறைக்குள்ளே நடந்ததாகக் கதை கட்டியவர்கள் சொல்லவில்லை.

அவ்வளவு பழைய காலத்துக்குப் போவானேன்? போடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலம் நடக்கிறது. இப்போது எல்லாம் கம்ப்யூட்டர் மூலமாகத்தான். இருந்தாலும் வியாபாரிகள் விலை கூறுவதற்கு முன் மாதிரிக் காயைக் கையில் வாங்கி, நிறம் பார்த்து, பருமன் பார்த்து, உடைத்து முகர்ந்து பார்க்கிறார்கள். காயைப் பார்க்காமல் விலை சொல்கிற வியாபாரியை எங்கள் ஊரில் பைத்தியம் என்பார்கள். ஸ்டோரில் காய்ந்த காய்க்கு இருக்கிற இந்த மரியாதை அச்சில் வந்த கதைக்கு இல்லை. புகார் மனுவில் சிவப்பு மையால் கோடு போட்ட இரண்டு வரியை மட்டும் படித்துவிட்டு, நூற்றுக்கணக்கான பக்கங்களைப் பற்றிக் கை தூக்குகிறார்கள். தில்லியிலும் பம்பாயிலும் தெருவில் கோஷம் போட்டவர்கள் புத்தகத்தைப் படிக்கவில்லையே என்று வருத்தப்படுவதில் பிரயோஜனமில்லை. தெருவுக்கு அந்தக் கடமை இல்லை. மேஜையைச் சுற்றி உட்கார்ந்தவர்களுக்குக் கடமை உண்டு. அதற்காகத்தான் அவர்களுக்கு நாற்காலியும் பயணப்படியும் கொடுத்திருக்கிறது.

குழுக்கள் மிகவும் தாமதம் செய்கின்றன, அவற்றைக் கலைத்துவிட வேண்டும் என்று ஒரு கட்சி இப்போது பலமாக இருக்கிறது. 2023-ல் தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் தன்னாட்சிக் கல்லூரிகளுக்கும் ஒரே மாதிரிப் பாடத்திட்டத்தை வகுத்து அனுப்பியது. ஊர் மாறினாலும் மாணவன் படிப்பு கெடாமல் இருக்க வேண்டும் என்ற நல்லெண்ணம் அதில் இல்லாமலில்லை. ஆசிரியர்களில் பலர், 'எங்கள் குழுக்கள் எதற்கு இருக்கின்றன?' என்று ஆட்சேபித்தார்கள். வேந்தர் என்ற முறையில் ஆளுநர், அதை ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்பதில்லை என்று துணைவேந்தர்களுக்கு எழுதினார். உடனே விவகாரம் அரசுக்கும் ஆளுநருக்கும் இடையிலான சண்டையாக மாறிவிட்டது. அந்தச் சத்தத்தில், எந்தக் கதை போயிற்று, எந்தக் கதை வந்தது, ஏன் என்று கேட்கிறவர்கள் இல்லாமல் போனார்கள்.

தாமதத்தைப் பற்றி நான் மாறுபட்ட அபிப்பிராயம் உடையவன். ஏலச் செடி நட்ட மூன்றாவது வருஷம்தான் காய்க்குத் தொடங்கும். அவசரப்படுகிறவன் மலையில் பிழைக்க முடியாது. ஒரு புத்தகம் நாலு வாசலைத் தாண்டி வரச் சில மாதங்கள் ஆனால் குடி முழுகிப் போய்விடாது. அந்த நேரத்தில் நாலு பேர் படிப்பார்கள், இரண்டு பேர் சண்டை போடுவார்கள்; நல்லதுதான். உள்ளே வருகிற புத்தகத்துக்கு இத்தனை நிதானம் காட்டுகிற ஏற்பாடு, வெளியே போகிற புத்தகத்துக்கு மட்டும் சுவரேறிக் குதிக்க ஏணி வைத்துக் கொடுக்கிறதே, அதுதான் தகாது. ஒரு தாத்தாவைத் தூக்கிக்கொண்டு போவதற்குக்கூட நம் ஊரில் முன்வாசல்தான். கொல்லைப்புறமாகக் கடத்துகிறவர்கள் திருடர்கள்.

நான் கேட்பது அதிகமில்லை. ஒரு நூலை வைக்கிறபோது, ஏன் வைக்கிறோம் என்று பத்து வரி எழுதட்டும். எடுக்கிறபோது, ஏன் எடுக்கிறோம் என்று பத்து வரி எழுதட்டும். இரண்டையும் எல்லோரும் பார்க்கும்படி தமிழில் வெளியிடட்டும். எந்த வாசல்கள் வழியாக வந்ததோ, அதே வாசல்கள் வழியாகவே போகட்டும். நடுவருஷத்தில் போக வேண்டாம். படித்துக்கொண்டிருக்கிற மாணவர்கள் பரீட்சை எழுதி முடிக்கும் வரை பொறுக்கட்டும். ஆசிரியன் உயிரோடு இருந்தால் அவனுக்கு ஒரு கடிதம் போட்டு, 'இன்ன ஆட்சேபம் வந்திருக்கிறது, உன் பதில் என்ன?' என்று கேட்கட்டும். இறந்திருந்தால் அவனுக்காகப் பேச ஒரு வாசகனைக் கூப்பிடட்டும். கை தூக்குகிறவர்கள், 'முழுவதும் படித்தேன்' என்று ஒரு கையெழுத்துப் போடட்டும். இந்தக் கடைசி நிபந்தனை ஒன்றே போதும், பாதிப் புகார்கள் தாமாகவே அடங்கிவிடும்.

இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை, பணமும் வேண்டியதில்லை. கொஞ்சம் வெட்கம் இருந்தால் போதும். பத்து வரி எழுத வேண்டும் என்று வந்துவிட்டால், பழக்கூடைக்காக ஒரு புத்தகத்தை உள்ளே விடுகிறவருக்கும் பேனா ஓடாது. மிரட்டலுக்காக ஒரு புத்தகத்தை வெளியே தள்ளுகிறவருக்கும் ஓடாது. எழுதத் தெரிந்தவனுக்கு மட்டுமே தெரிகிற ஒரு ரகசியம் இது. பொய்யைப் பேசுவது சுலபம். அதைக் காரணகாரியத்தோடு பத்து வரி எழுதிக் கீழே பெயரையும் போடுவது மிகவும் கஷ்டம்.

மாதவையா செனட்டில் பேசிய பேச்சு இலக்கிய உலகத்தில் நூறு வருஷமாக ஞாபகத்தில் இருப்பதற்கு, அவர் இறந்து போனது மட்டும் காரணமல்ல. அவர் எழுந்து நின்று, தம் பெயரால், பிறர் காதில் விழும்படி, எதற்காக இந்த மாறுதல் வேண்டும் என்று சொன்னார். எதிர்த்தவர்களுக்கும் அந்த உரிமை அந்த மண்டபத்தில் இருந்தது. நம் பிள்ளைகளின் கையிலிருந்து ஒரு புத்தகத்தைப் பிடுங்குகிறவர்களிடம் அந்த அளவு நாணயத்தை எதிர்பார்ப்பது தப்பில்லை என்றே நினைக்கிறேன். மலைக்குப் போகிற ஜீப்பில் இருக்கிற தாய் இதைக் கேட்க மாட்டாள், அவளுக்கு நேரமில்லை. பஸ்ஸில் போகிற அவள் பெண் ஒரு நாள் கேட்பாள். கேட்கிற மாதிரியான புத்தகம் ஒன்றை அதற்குள் அவள் படித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.